களி சாப்பிடுகிறவருக்கும் சுகர் வருமா? எடை, இடுப்புச் சுற்று, சர்க்கரை

கேள்வி இதுதான்: வீடு தருமபுரி மாவட்டம் பாலக்கோடு, வேலை ஓசூரில் ஷிப்ட், வயது 38. உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்புச் சுற்று 38 அங்குலம். வெறும் வயிற்றில் சர்க்கரை 108, எச்பிஏ1சி எனும் மூன்று மாதச் சராசரி 6.0. அப்பா ஒல்லி, ஆனாலும் பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "நாங்கள் தலைமுறையாகக் களி சாப்பிடுகிறவர்கள். என்னைவிட இருபது கிலோ அதிகமுள்ள நண்பனுக்குச் சர்க்கரை இல்லை. அப்புறம் ஏன் டாக்டர் என் எடையைக் குறைக்கச் சொல்கிறார்? எவ்வளவு குறைத்தால் போதும்? அம்மாவின் முழங்கால் வலிக்கும் எடைதான் காரணமா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னது சரி. உங்களுக்கு ஐந்து கிலோ இறங்கினாலே பெரிய மாற்றம் வரும். ஆனால் எடை மெஷின் காட்டும் எண்ணைவிட, அந்த ஐந்து கிலோ எங்கிருந்து இறங்குகிறது என்பதுதான் முக்கியம். நண்பனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். களியை நம்பியும் இருக்காதீர்கள்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உங்களுக்கு 74-ஐ 2.72-ஆல் வகுத்தால் 27.2. வெள்ளைக்காரர்களுக்கு 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல்பருமன். நமக்கு அந்த அளவு பொருந்தாது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் கூடி ஒப்புக்கொண்ட வரம்புப்படி 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன். உங்கள் உயரத்துக்கு 23 என்பது 62.6 கிலோ, 25 என்பது 68 கிலோ. 152 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அதே எல்லைகள் 53 கிலோவும் 58 கிலோவும். "பூசினாற்போல இருக்கிறார்" என்று ஊரில் பாராட்டாகச் சொல்லப்படும் பலர் இந்தக் கணக்கில் உடல்பருமன் பிரிவில்தான் வருவார்கள்.

இதைவிடப் பயனுள்ளது இடுப்பு அளவு. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. அங்குலத்தில் ஏறக்குறைய 35½, 31½. பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவருக்கு 34 சைஸ் பத்து வருடமாக மாறாமலே இருக்கும், தொப்பை மட்டும் வளர்ந்திருக்கும். தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வெறும் உடம்பின்மேல் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், மாதம் ஒருமுறை போதும். உங்களுடைய 38 அங்குலம் என்பது 96.5 செ.மீ. இன்னொரு எளிய கணக்கும் உண்டு: இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அது 82.5.

இனி, ஒல்லியான அப்பாவுக்கு வந்தது பருமனான நண்பனுக்கு ஏன் வரவில்லை என்பது. தோலுக்கு அடியில், தொடையில், பிட்டத்தில் சேரும் கொழுப்பு பெரிதாகக் கெடுதல் செய்வதில்லை. அது உடம்பின் குதிர். மிஞ்சிய ஆற்றலை அங்கே கொட்டி வைக்கலாம். குதிர் நிரம்பிய பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தால் தானியம் திண்ணையிலும் அடுப்படியிலும் சிந்துகிறதல்லவா, அப்படிச் சிந்தும் கொழுப்பு கல்லீரல், கணையம், தசை, குடலைச் சுற்றிய பகுதி என்று சேரக் கூடாத இடங்களில் சேர்கிறது. யாருக்கு எவ்வளவு பெரிய குதிர் என்பதில் பரம்பரைக்கு நிறையப் பங்கு உண்டு. உங்கள் நண்பனுக்குப் பெரியதாக இருக்கலாம். அப்பாவுக்குச் சிறியது. அவர் 60 கிலோ இருந்தபோதே அவருடையது வழிந்திருக்கலாம். உங்களுக்கு யாருடையது வாய்த்திருக்கிறது என்பதற்கு 108-உம் 6.0-உம் சாட்சி.

இந்தியர்களிடம் இது பொதுவாகவே அதிகம். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே அருகருகே வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசையோ குறைவு. நம்மில் பலருக்கும் உடல்வாகு இதுதான்.

கல்லீரலில் கொழுப்பு ஏறினால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. இரவு முழுக்கத் தேவையில்லாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். முந்தின இரவு எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்தவருக்கும் காலையில் 108 காட்டுவது இதனால்தான். தசையும் சர்க்கரையை வாங்க மறுக்கிறது. ஈடுகட்டக் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது. சில வருடங்கள் இப்படியே ஓடும், பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்து, சின்னச் சின்ன மருக்கள் தோன்றுவது ரத்தத்தில் இன்சுலின் கூடிக் கிடப்பதன் வெளி அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளிப்பார்கள், போகாது. உங்களுக்கோ வீட்டுப் பிள்ளைகளுக்கோ அது இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இதற்குள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் சோர்ந்துவிடுகின்றன. சர்க்கரை நோய் என்று முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் நாளிலேயே அவற்றின் திறனில் சுமார் பாதி போயிருக்கும் என்பது பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வின் கணக்கு. நீங்கள் இன்னும் அந்த நாளுக்கு முன்னால் இருக்கிறீர்கள். எடைக்குறைப்பு அதிகம் பலன் தருவது இந்தக் கட்டத்தில்தான்.

எவ்வளவு குறைத்தால் போதும்? அமெரிக்காவில் 2002-இல் வெளியான சர்க்கரைத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போலச் சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டமான முன்நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகநடை. சர்க்கரை நோயாக மாறுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் குறைந்தது 31 விழுக்காடு. அதே தரவை மறுபடி அலசியபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16 விழுக்காடு இறங்கியது தெரிந்தது. 74 கிலோவில் 7 விழுக்காடு என்றால் 5.2 கிலோ. நான் ஐந்து என்று சொன்னதன் கணக்கு இதுதான்.

ஆனால் அங்கே சேர்ந்தவர்களின் சராசரி பி.எம்.ஐ. 34. நம்மூர் நிலைமைக்கு நெருக்கமானது, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. வழக்கமான பொது ஆலோசனை தவிர வேறு எதுவும் தராத பிரிவில் மூன்று வருடத்துக்குள் 55 விழுக்காட்டினர் நோயாளி ஆகிவிட்டார்கள். முன்நிலை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் ஆபத்து 28.5 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. அதனால் இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தும் மெஷின் முள் நகரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். தசை கூடி வயிறு குறைந்தால் எடை அப்படியே நிற்கலாம். பெல்ட்டின் துளை சொல்லிவிடும்.

நோய் வந்து சில வருடமே ஆனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்வில், 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே வந்தது. அது ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் மாதக்கணக்கில் மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. யூடியூபைப் பார்த்து வீட்டில் செய்யத் தக்கது அல்ல.

இப்போது களி. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடம் இதைப் பேசினால் கொஞ்சம் மனக்கசப்பு வரும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகு நல்ல தானியம். நூறு கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம், 11 கிராம் நார்ச்சத்து. வெள்ளை அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராமைத் தொடாது. ஆனால் மாவுச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: கேழ்வரகில் நூறுக்கு 67 கிராம், சுமார் 320 கலோரி. காட்டு வேலைக்குப் போகிறவருக்குப் போடும் பெரிய உருண்டைக்கு 150 கிராம் மாவு போகும். அது 100 கிராம் மாவுச்சத்து, 480 கலோரி. நாள் முழுக்க ஏர் ஓட்டி, களை வெட்டி, கிணற்று மேட்டில் நின்ற தாத்தாவுக்கு அது சரி. இன்று உழவு டிராக்டரில், பயணம் கம்பெனி பஸ்சில், வேலை மெஷின் முன்னால் நின்றபடி. உருண்டையின் அளவு மட்டும் தாத்தா காலத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவி நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது. தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தருகிறார்கள். வாங்குங்கள், நல்லது. ஆனால் அது சோற்றின் இடத்துக்கு வர வேண்டும், சோற்றோடு சேர்ந்து வரக் கூடாது. மதியம் ஒரு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு "ரசத்துக்குக் கொஞ்சம் சோறு" போட்டுக்கொள்ளும் பழக்கத்தில்தான் கணக்கு தவறுகிறது.

களியை எப்படிக் கிண்டுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நொய்யைக் கொதிக்க விட்டு மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுகிறோம். நொய் பாதி, மாவு பாதி என்று போனால் அது கேழ்வரகுக் களி அல்ல, நிறம் மாறிய அரிசி. உங்களுக்கு ஒரு வேளைக்கு மாவு 60 முதல் 70 கிராம், நொய் 15 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து அதற்கு ஒரு டம்ளரைக் குறித்துக்கொண்டால் பிறகு தினமும் நிறுக்க வேண்டாம். மில்லில் அரைத்த மாவைச் சலித்துத் தவிட்டை ஒதுக்காதீர்கள், நார்ச்சத்து அங்கேதான் இருக்கிறது. மெல்லாமல் விழுங்கும் உணவு என்பதால் களி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். அதற்குள் இரண்டாவது உருண்டை உள்ளே போயிருக்கும். ஆகவே முதலில் கீரைக் கடைசலோ பொரியலோ ஒரு கிண்ணம், அடுத்து கொள்ளுக் கடைசலோ அவரைக்கொட்டைக் குழம்போ முட்டையோ, கடைசியில் களி. இதே வரிசையில் சாப்பிட்டாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். மாறாக, ராகி மாவில் வெல்லம் போட்டுக் காய்ச்சிக் காலையில் ஒரு பெரிய டம்ளர் மால்ட் குடிப்பது சத்து என்ற பெயரில் சர்க்கரையை ஏற்றும் வேலை. மெலிந்த குழந்தைக்கு அது சரி. உங்களுக்கு வேண்டாம்.

புரதம் உங்களுக்கு நாளுக்கு 60 கிராம் அளவு தேவை. 50 கிராம் கொள்ளில் 11, இரண்டு முட்டையில் 12, நூறு கிராம் கோழிக்கறியில் 20, ஒரு டம்ளர் தயிரில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. எடை குறைக்கும்போது புரதம் போதாவிட்டால் தசை கரையும். தசை கரைந்தால் சர்க்கரையை வாங்கிக்கொள்ள இடம் குறையும், எடை இறங்கியும் பலன் பாதிதான்.

மற்ற கலோரிகள் கணக்கில் வராமலே உள்ளே போகின்றன. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஐந்து டீ என்றால் சர்க்கரை மட்டும் 200 கலோரி. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர்தான். நாலு பேர் வீட்டில் மாதம் நாலு லிட்டர் வாங்கினால் இரு மடங்கு. ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 425 கலோரி, தொட்டுக்கொள்ளும் வறுவலைச் சேர்க்காமல். கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு இருக்கும்போது மதுவும் சேர்ந்தால் இரண்டும் கைகோத்து வேலை செய்யும்.

மாம்பழ சீசனில் ஏப்ரல் முதல் ஜூலை வரை மூன்று மாதச் சராசரி ஏறுவது இந்தப் பக்கம் வழக்கமான காட்சி. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு மாம்பழமே தொடாதே என்றால் யார் கேட்பார்கள்? நூறு கிராம் சதையில் 15 கிராம் அளவு சர்க்கரை. அரைப் பழம், அதுவும் மாலை நாலு மணிக்குத் தனியாக, அன்றைய களியிலோ சோற்றிலோ கால் பங்கைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு மேல் முழுப் பழம் வேண்டாம். பழக்கூழ் ஜூஸ் எந்தக் கணக்கிலும் வேண்டாம்.

ஷிப்ட் வேலை தனிப் பிரச்சினை. இரவில் இன்சுலினின் வேலைத்திறன் இயற்கையாகவே குறைவு. அதே இட்லி பகலில் ஏற்றுவதைவிட இரவு இரண்டு மணிக்கு அதிகமாக ஏற்றும். நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நள்ளிரவு கேன்டீனில் சோறு, பரோட்டா தவிர்த்து முட்டை, சுண்டல், மோர் அளவில் நிறுத்துங்கள். காலையில் வந்ததும் சின்ன டிபன், பிறகு அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் பசி கூடும், இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் கை போகும். மன உறுதி மட்டும் அங்கே போதாது.

நடையைப் பற்றிப் பலரும் சொல்வதால் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் நடக்க நேரமில்லை என்பவர், மூன்று வேளையும் சாப்பிட்ட அரை மணிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வாரம் 150 நிமிடத்தைத் தாண்டிவிடும், சாப்பாட்டின் ஏற்றமும் அடங்கும். இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது 10 முறை வீதம் மூன்று சுற்று, சுவரில் கைவைத்துத் தண்டால், தண்ணீர்க் குடம் தூக்கி நடப்பது. உடம்பில் சர்க்கரை அதிகம் செலவாகும் இடமே தொடைத் தசைதான்.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும். ஆகவே எடை காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் பகுதியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று வருவது அதனால்தான். பல வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் கழுத்தும் விறைத்து, குனிய முடியாமல் மூட்டுகள் வலிக்கும். சின்ன வயதில் அங்கேயே வளர்ந்தவர் என்றால் பற்களில் பழுப்புக் கறையும் இருக்கும். அப்படியானால் "எடையைக் குறைம்மா, நடம்மா" என்று அவரைத் துரத்துவதில் பயனில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி இரண்டு வகை வலிக்கும் ஒத்துவரும்.

சர்க்கரையைத் தாண்டி அதிக எடை செய்வது நிறைய இருக்கிறது. ரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு, பித்தப்பைக் கல், யூரிக் அமிலம், பெண்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் கர்ப்பகாலச் சர்க்கரையும். பதின்மூன்று வகைப் புற்றுநோய்களுக்கு உடல்பருமனோடு தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உறுதிசெய்தது. மார்பகமும் பெருங்குடலும் அதில் உண்டு. உங்கள் நண்பனுக்கு இன்று சர்க்கரை இல்லை என்பது இவை எதற்கும் உத்தரவாதம் இல்லை. அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவரா என்று வீட்டாரிடம் கேட்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர் லாரியோ காரோ ஓட்டினால், தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் இரண்டு விநாடி கண் சொக்குவதற்கு என்ன விலை என்பதை அந்த வழியாகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனையில் தவறுவது எங்கே? நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில் எடுக்கும் வெறும் வயிற்று ரத்தம் நம்பத்தக்கதல்ல. வார விடுமுறைக்கு மறுநாள், இரவு நன்றாகத் தூங்கி, எட்டு முதல் பத்து மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் போங்கள். 100-க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 முன்நிலை, 126-உம் மேலும் நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 முன்நிலை, 200 தொட்டால் நோய். மூன்று மாதச் சராசரியில் 5.7-உம் 6.5-உம் எல்லைகள். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பெண்களுக்கு இதை எடுக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். கூடவே ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்கிறதா, நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்கு மேல் இருக்கிறதா என்பதையும். உங்களுக்கு அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. செலவு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்ப்பார்கள். வீடு தேடி வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான்.

முயற்சியே இல்லாமல் எடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். தாகம், இரவில் பலமுறை சிறுநீர், சோர்வு என்று வந்து மாதத்தில் நாலைந்து கிலோ போனால், அது சர்க்கரை ஏறியதன் அடையாளம். அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

பொடிகள், கஷாயங்கள் பற்றி: "சர்க்கரைக்கும் தொப்பைக்கும் ஒரே மருந்து" என்று லேபிள் இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். மூலிகை என்று விற்ற சில பொடிகளில் சர்க்கரை மாத்திரையையே கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. 2025 முதல் இந்தியாவில் எடைக்காகக் கிடைக்கும் வார ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும், புரதமும் பயிற்சியும் இல்லாவிட்டால் தசையும் சேர்ந்து போகும். உங்களுடைய 27.2-க்கு இப்போதைக்கு அவசியமில்லை.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு மட்டுமான ஒரு எச்சரிக்கை. நீங்கள் களியைக் குறைத்தால் ஒரே பானையில் கிண்டும் வீட்டில் அப்பாவுக்கும் குறையும். அவர் சாப்பிடும் மாத்திரையில் கிளிமிபிரைடோ கிளைபென்கிளமைடோ இருந்தால், அல்லது இன்சுலின் போடுகிறவர் என்றால், பழைய அளவு மருந்துக்குப் புதிய அளவு சாப்பாடு போதாமல் சர்க்கரை 70-க்குக் கீழே விழலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒல்லியான அவருக்கு எடை குறைய வேண்டிய தேவையே இல்லை. அவர் தட்டின் அளவை மாற்றும் முன் அவருடைய மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.